தண்ணீர் வைக்காத படையல்

சாந்தா ஆனா
அக்டோபர் 12, 1961

செனைதா,

சொல்கிறவன் உன் மாமனார் எவோதியோ. எழுதுகிறவன் சவரக்கடை அபுந்தியோ. நீ எழுதும் பதிலையும் அவன்தான் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும். கடையில் எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு என் மகன் இலாரியோவின் படத்தைப் படையல் மேசையில் வைக்கப் போகிறேன், அவன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில். எல்லை தாண்டி வடக்கே பழம் பறிக்கப் போய்த் திரும்பிய மனிதன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். இலாரியோ இனி இந்த வீட்டுக்கு வரமாட்டான். இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

அவனும் வடக்கே வேலைக்குப் போன காலை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. நீலச் சட்டை. கழுத்துப் பொத்தான் மட்டும் வெள்ளை, நீ தைத்தது. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியின் சூடு முதுகில் பட்டதால் பையைத் தோள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். அந்தப் பெரிய அயுவேயுவே மரத்தடியில் திரும்பிப் பார்ப்பான் என்று நீ நின்றாய். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், உன்னை.

புதிதாகப் போனவனுக்கு எப்படிச் செய்வோமோ அப்படியே செய்கிறேன். வெள்ளைத் துணியில் மூன்றடுக்கு, வான்கோழி, மிளகாய் அரைத்த மோலேக் குழம்பு. மெழுகுவர்த்தியோடு வருகிற எல்லோருக்கும் சாப்பாடு. நீ கறுப்பு உடுத்தி வாசலில் நின்று மெழுகுவர்த்திகளை வாங்கவேண்டும். அது பெண்டாட்டியின் இடம். மில்லில் விடுப்புச் சொல்லிவிட்டு முப்பத்தொன்றாம் தேதியே வந்துவிடு.

எவோதியோ


புவேப்லா
அக்டோபர் 19

மாமா,

உங்கள் கடிதத்தை மில்லின் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு அறைக்கு வந்து படித்தேன். அவர் எங்கே போனார், எப்படிப் போனார், யார் மண் போட்டார்கள், ஒன்றும் அதில் இல்லை. இறந்துவிட்டார் என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. வரமாட்டான் என்கிறீர்கள். வராமல் இருப்பது அவருக்குப் புதிதா என்ன? ஆறு வருஷமாக அதைத்தானே செய்கிறார்.

அடிபட்டோ வெட்டுப்பட்டோ போனவர்களுக்கு அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி படைக்கிறோம். படுக்கையில் போனவர்களுக்கு நவம்பர் இரண்டாம் தேதி. நீங்கள் அவரை எந்த நாளில் கூப்பிடப் போகிறீர்கள்? தப்பான நாளில் கூப்பிட்டால் அவர் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்?

உயிரோடு இருப்பவரின் படம் அந்த மேசையில் ஏறக்கூடாது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கல்யாணமான வருஷம் எங்கள் படத்தைத் தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன். "எடு அதை! சாவைக் கையப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றியா?" என்று கத்தினீர்கள். படம் கை தவறி விழுந்து கண்ணாடியில் கீறல் விட்டது. அந்தக் கீறல் விழுந்த படத்தைத்தானே இப்போது வைக்கப் போகிறீர்கள்? என் பாதியைக் கத்தரித்துவிட்டு?

சேதி சொன்ன மனிதரை என்னிடம் அனுப்புங்கள். அவர் வாயால் கேட்கும்வரை நான் கறுப்பு உடுத்தமாட்டேன். என்னைக் கேட்காமல் என்னை விதவை ஆக்காதீர்கள்.

அபுந்தியோ அண்ணே, இந்த வரியையும் சத்தமாகப் படியுங்கள்.

செனைதா


சாந்தா ஆனா
நவம்பர் 4

செனைதா,

படித்தான், சத்தமாகத்தான் படித்தான். நாற்காலியில் இருந்தவன் பாதி மீசையோடு எழுந்து வந்து கேட்டான்.

நீ வரவில்லை. நல்லது. எல்லாம் நடந்து முடிந்தது. இரண்டாம் தேதிதான் வைத்தேன். ஊர் முழுக்க வந்தது. யார் எந்த மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள் என்று இப்போதே கேட்டாலும் சொல்வேன். ஞானஸ்நானத்தில் இலாரியோவைக் கையில் ஏந்திய ஞானத்தந்தை, என் கொம்பாத்ரே தியோதோரோ கொண்டுவந்தது முழங்கை நீளம். அவன் பெண்டாட்டி கசிமிரா கொண்டுவந்ததில் மெழுகாலேயே ரோஜா செய்து ஒட்டியிருந்தது. ரொட்டிக்கடைக்காரன் கொண்டுவந்தது போன வருஷம் அவன் அண்ணனுக்கு வந்ததில் மிச்சம். அடி கறுத்திருந்தது. அதையும் ஏற்றிவைத்தேன்.

வாசலில் உன் இடத்தில் கசிமிராதான் நின்றாள். நிற்கிறவள் சும்மா நிற்பாளா? "மருமக எங்க? மில்லுல லீவு குடுக்கலியா, இல்ல மனசு குடுக்கலியா?"

"வேலை," என்றேன்.

"புருஷன் செத்ததுக்குக்கூட விடாத வேலையா? அந்த மில்லுல எங்க பொண்ணையும் சேத்துவிடணும், மாமியார் செத்தா வராம இருக்கலாம்."

தியோதோரோ அதைவிட மோசம். தட்டை வாங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பையன் எப்படிப் போனான், கொம்பாத்ரே?"

"காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்?"

"அக்கரைக் காய்ச்சல்."

"அங்கதான் பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்றாங்களே."

"உனக்கு மோலே வேணுமா, கதை வேணுமா?"

"ரெண்டுந்தான். மோலேல கொஞ்சம் உப்பு கம்மி."

நிலைப்படியில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் இருக்கும். இனி இந்த ஊரில் எவளும் உன்னைக் காட்டி, பாவம், காத்திருக்கிறவள் என்று சொல்லமாட்டாள். உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்குத் தெரியாது. கோபம் ஆறட்டும். ஆறியபின் யோசி.

எவோதியோ


புவேப்லா
நவம்பர் 9

மாமா,

நான் வந்திருந்தேன்.

இரண்டாம் தேதி மத்தியானம், நீங்கள் எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்த நேரம். தெருவில் நாய்கூட இல்லை. வருகிற ஆத்மாக்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தீர்கள். ஆறு வருஷமாக அவருக்காகத் திறந்திருந்த கதவுதான். நான் உள்ளே போனேன்.

மேசை எதிரில் நின்றேன். அவர் படத்துக்கு முன்னால் ஒரு செண்டுப்பூக் கொத்து வைத்திருந்தீர்கள், மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிதாக. அதை நகர்த்திப் பார்த்தேன். அதன் பின்னால் என்ன இருக்கவேண்டுமோ அது இல்லை. மேசைத் துணி காய்ந்து கிடந்தது. கொத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். ஒரு பொத்தானின் நிறத்தை ஆறு வருஷம் வைத்திருக்கிறவர் நீங்கள்.

மற்றதைச் சவரக்கடையில் பேச எனக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை சந்தைக்கு அட்லிஸ்கோ போவீர்கள். அங்கே சதுக்கத்து வளைவுகளுக்குக் கீழே டைப் மிஷின் வைத்துக்கொண்டு கடிதம் அடித்துத் தருகிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நம்மைத் தெரியாது, நம் ஊரையும் தெரியாது. அவரிடம் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

செனைதா


அட்லிஸ்கோ
நவம்பர் 18

செனைதா,

உன் கடிதத்தால் அபுந்தியோ இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "என்ன பெரியவரே, பூங்கொத்துக்குப் பின்னாடி என்ன இல்ல?" என்று நாலு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தன் கையெழுத்து நமக்குப் போதவில்லை என்று கோபித்துக்கொண்டான். இங்கே இந்த மனிதர் கண்ணாடிக்கு மேல் பார்ப்பதில்லை. நான் சொல்வது வெங்காய விலையா வீட்டு விவகாரமா என்று அவருக்குக் கவலையில்லை. அதனால் சொல்கிறேன்.

நான் தண்ணீர் வைக்கவில்லை.

அவ்வளவு தூரம் நடந்து வருகிற ஆத்மா முதலில் தேடுவது தண்ணீரைத்தான். வைத்தால் வருவான். வரவேண்டுமென்றால் அவன் செத்திருக்கவேண்டும். என் கையால் அதைச் செய்ய முடியவில்லை. அன்று காலை சாம்பிராணி போட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என் அப்பாவைக் கூப்பிட்டேன், அம்மாவைக் கூப்பிட்டேன், பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். அவன் முறை வந்தபோது புகை தொண்டையில் ஏறியதுபோல் இருமினேன். கசிமிரா முதுகைத் தட்டினாள்.

உன் புருஷன் உயிரோடு இருக்கிறான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று காய்ந்த மிளகாய் விற்க ஒருவன் வந்தான். வடக்கே ஆரஞ்சுத் தோட்டத்தில் இரண்டு அறுவடை பார்த்தவன். என் பெயரைக் கேட்டதும் சிரித்தான். "உங்க பையன் வீட்டுல சாப்பிட்டிருக்கேன், பெரியவரே. வீட்டுக்காரம்மா நல்லா சமைக்கிறாங்க."

"எந்த வீட்டுக்காரம்மா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மூட்டையைக் கட்டத் தொடங்கினான். நான் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம்தான் சொன்னான். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி. இரண்டு பெண் குழந்தைகள். சின்னதுக்கு என் மூக்காம்.

"ஊருக்கு என்ன சொல்லச் சொன்னான்?" என்று கேட்டேன்.

"தேட வேணாம்னு சொன்னான். செத்துட்டான்னு வச்சுக்கச் சொன்னான்."

வைத்தேன். அவன் கேட்டதைத்தான் செய்தேன், செனைதா. பெற்றவனிடம் அவன் கடைசியாகக் கேட்டது அது.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆகஸ்டில் நான் புவேப்லா வந்தபோது உன் மில்லின் தறி மெக்கானிக்கைப் பார்த்தேன். ரெஃபூகியோ. உன் கூடையை வாங்கிக்கொண்டு உனக்கு ஓரடி பின்னால் நடந்து வந்தான், பக்கத்தில் வரக்கூட உன்னிடம் அனுமதி இல்லாதவனைப்போல. "என் புருஷன் உயிரோட இருக்காரு" என்று நீ அவனிடம் சொல்லிவைத்திருக்கிறாய். நீ சொல்லவில்லை, அவன்தான் பஸ் நிலையத்தில் என்னிடம் சொன்னான். புகாராகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான்.

விதவைக்குச் சாமியார் கல்யாணம் செய்துவைப்பார். விட்டுப்போனவனின் பெண்டாட்டிக்குச் செய்துவைக்கமாட்டார், இலாரியோ சாகும்வரை. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் எவனும் எழுபதுக்குமுன் போனதில்லை. நீ என்ன செய்வாய்?

இது உனக்கும் எனக்கும் இந்த மிஷினுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்படியே விட்டுவிடு. துக்கம் முடிந்ததும் சாமியாரிடம் போ. ஊரே வந்து சாப்பிட்டிருக்கிறது. ஊரே சாட்சி. ஒருவரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

எவோதியோ


புவேப்லா
நவம்பர் 27

மாமா,

இதை வளைவுக்காரர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஐயா, தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அதனால் ஒரு முறை போதும்.

ஈஸ்டரிலிருந்து உங்களுக்குத் தெரியும். ஈஸ்டரிலிருந்து நவம்பர்வரை ஒவ்வொரு ஞாயிறும் நான் கோயிலில் மண்டியிட்டு, அவர் எங்கேயும் பசியோடு கிடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி நன்றாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முழங்காலாவது மிஞ்சியிருக்கும்.

செத்ததாக வைத்துக்கொள்ள அவர் சொன்னார். நீங்கள் வைத்தீர்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து என்னை விதவையாக்கி முடித்த பிறகு, வாசலில் நின்று மெழுகுவர்த்தி வாங்க மட்டும் நான் வேண்டியிருந்தேன். என் நல்லதுக்குத்தான் செய்தீர்கள் என்று தெரியும். அதனால்தான் கோபம் ஆறமாட்டேன் என்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் உங்களைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

ரெஃபூகியோவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தறியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "விதவைன்னா கோயில்ல கல்யாணம், இல்லன்னா சும்மா வீட்டுல சேர்ந்து இருப்போம். எதுன்னாலும் எனக்குச் சரி. பொய் மட்டும் வேணாம், செனைதா. எனக்குப் பொய் ஞாபகம் இருக்காது, யார்கிட்டயாவது உளறிடுவேன்" என்றார்.

அதனால் கோயில் இல்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன். சாமியார் எனக்கு நற்கருணை தரமாட்டார் என்று தெரியும். பொய்யை வாயில் வைத்துக்கொண்டு அதை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

உங்களிடம் கேட்பது இதுதான். நிலைப்படியிலிருந்து கறுப்புத் துணியைப் பகலில் எடுங்கள், ஆட்கள் பார்க்கும்படி. மெழுகுவர்த்திகளை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர் உயிரோடு இருக்கிறார், என்னை விட்டுப் போய்விட்டார் என்று அபுந்தியோ அண்ணன் கடையில் உட்கார்ந்து, அவர் கையாலேயே எனக்கு எழுதச் செய்யுங்கள். உங்களுக்கு அவமானமாக இருக்கும். ஆறு வருஷமாக அந்த அவமானம் என் தலையில்தான் இருந்தது, இனி உங்கள் பக்கம் மாறட்டும். ஜனவரிக்குள் நீங்கள் செய்யாவிட்டால் நானே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்வேன்.

இன்னொன்று. கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு இருக்கிற பெண் உங்கள் வாசலில் வந்து நின்றால், கதவைத் திறப்பீர்களா? அதற்கும் பதில் அதே கடையிலிருந்து வரட்டும்.

செனைதா


சாந்தா ஆனா
டிசம்பர் 9

செனைதா,

எழுதுகிறவன் அபுந்தியோ. நாற்காலியில் தியோதோரோ, முகம் முழுக்க நுரையோடு. பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரனும், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையும். இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

"எழுதுடா," என்றேன். "என் மகன் இலாரியோ சாகல."

அபுந்தியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "பெரியவரே, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"எழுது. அவன் வடக்க இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். ரெண்டு பொண்ணு. என் மருமகளை விட்டுட்டுப் போயிட்டான். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு ஈஸ்டர்லயே தெரியும். ஊருக்குப் பொய் சொன்னது நான்."

 தியோதோரோதான் முதலில் வாய் திறந்தான், நுரை உள்ளே போகப் போக.

"அப்ப நான் தின்ன மோலே?"

"அது என் பொண்டாட்டிக்குப் படைச்சது. உனக்கும் புண்ணியம்தான்."

"ரெண்டு தட்டு தின்னேன், கொம்பாத்ரே. அழுதுகிட்டே தின்னேன். என் கையில வச்சு ஞானஸ்நானம் குடுத்த புள்ளைன்னு அழுதேன்." அவன் மேல்துணியை உருவிப்போட்டுவிட்டு நுரையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டான். நாற்பது வருஷப் பழக்கம். இந்த வரியைச் சொல்லும்போது அவன் பாதித் தெரு தாண்டியிருப்பான். அபுந்தியோ ஒரு கையில் கத்தியோடு எழுதிக்கொண்டிருக்கிறான்.

கறுப்புத் துணியை நேற்று எடுத்தேன். மாதாவின் அமலோற்பவத் திருநாள், கோயில் விட்டு எல்லோரும் தெருவில் வந்த நேரம். நாற்காலி போட்டு ஏறினேன். ஒருவரும் நாற்காலியைப் பிடிக்க வரவில்லை. ஏன் எடுக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு நாளைக்குச் சவரக்கடைக்கு வா என்றேன். கோயில்பிள்ளை அதனால்தான் வந்திருக்கிறான். அவனுக்குத் தலையில் முடியே கிடையாது.

இதுவரை எழுதியதும் எழுந்துபோய் மெழுகுவர்த்திகளையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கடைக்குத் திரும்பி வந்து மீதியைச் சொல்கிறேன். எரிந்தது எரிந்ததுதான், மிச்சத்தைக் கொடுத்தேன். யாருடையது எது என்று நான் தடுமாறவில்லை. சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கசிமிரா வாங்க மாட்டேன் என்றாள். "நீயே வச்சுக்க, எவோதியோ. இனி உன் வீட்டுக்கு எவன் மெழுகுவத்தி கொண்டு வரப்போறான்?" என்றாள். அதில் உண்மை இருக்கிறது. நான் போகும்போது இந்த ஊரில் எத்தனை பேர் வருவார்கள் என்று இனிச் சொல்லமுடியாது. வான்கோழிக்குச் செலவு மிச்சம்.

உன்னைப் பற்றியும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எழுதமாட்டேன். ஒரு வார்த்தையும் நான் மறக்கவில்லை, ஆனால் உனக்குச் சொல்லமாட்டேன்.

படத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையில் வைக்கமுடியாது. சுவரில் மாட்ட மனமில்லை. பெட்டியில் அவன் அம்மாவின் சால்வைக்கு அடியில் கிடக்கிறது. அவளாவது பேசிப் பார்க்கட்டும்.

உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அபுந்தியோ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். கோயில்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறான். இன்றைக்கு ராத்திரிக்குள் சாமியாருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நீ அட்லிஸ்கோவுக்கு அனுப்பியதைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, திறக்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். என் அப்பா அப்படிப்பட்ட பெண்களைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போவார். ஆனால் என் வீட்டிலிருந்து ஓடிப்போனவன் யார், இருந்தவள் யார் என்று கணக்குப் பார்த்தபோது, எதிர்ப்பக்கம் போகவேண்டியது யாரென்று எனக்குக் குழப்பம் வந்துவிட்டது.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று அரசர்கள் திருநாளுக்கு வா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஓரடி பின்னால் அல்ல, பக்கத்தில் நடந்து வரட்டும். பகலில் வாருங்கள், சதுக்கத்தின் வழியாக, இந்தக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

எங்கள் வீட்டில் செத்த ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்குக் கற்றாழைக் கள்ளும் வறுத்த பூசணி விதையும். என் அம்மாவுக்கு பட்டை போடாத சோளக்கஞ்சி. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனுக்கு என்ன பிடிக்கும் என்று நான் இதுவரை கேட்டுச் சமைத்ததில்லை.

அந்த மெக்கானிக் காரம் தின்பானா? எழுது.

எவோதியோ